மேடைத் திரையில் பெயர் போடுவது: சுங்கை சிப்புட்டிலிருந்து சில தொழில் குறிப்புகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளித் திடல்களிலும் மேடை ஓரமாக ஒரு மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பது என் வேலை. பேச்சாளர் ஒலிவாங்கியைப் பிடித்ததும் அவர் பெயரைத் திரையில் கொண்டுவர வேண்டும். கோல் விழுந்ததும் எண்ணை மாற்ற வேண்டும். பரிசு வாங்கும் பிள்ளை படியேறி வருவதற்குள் அவன் படமும் பெயரும் பின்னால் நிற்க வேண்டும். என் அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். அவர் பெயரை விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது, கூப்பிட்டதோடு சரி, வேறெங்கும் யாரும் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் ஒருவருடைய பெயர் ஐந்து மீட்டர் அகலத்தில், பிழையில்லாமல், சரியான நொடியில் வருவது எனக்குப் பெரிய காரியம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் செய்யும் முறையை எழுதுகிறேன்.

முதலில் சுவரை அளக்க வேண்டும்

வெள்ளைத்துணியும் புரொஜெக்டரும் என்றால் பிரச்சினை குறைவு, அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் பெரும்பாலும் 16:9தான். எல்இடி சுவர் அப்படியல்ல. அது பெட்டி பெட்டியாக அடுக்கிக் கட்டுவது. ஈப்போவிலிருந்து லாரியில் வரும் வாடகைச் சுவர்களில் நான் அதிகம் பார்ப்பது பி3.91 ரகம். ஒரு பிக்சலுக்கும் அடுத்த பிக்சலுக்கும் 3.91 மில்லிமீட்டர் என்று அர்த்தம். அரை மீட்டருக்கு அரை மீட்டர் பெட்டி ஒன்றில் 128க்கு 128 பிக்சல் இருக்கும். ஐந்து மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் கட்டினால் குறுக்கே 10 பெட்டி, நெடுக்கே 4 பெட்டி. ஆக மொத்தம் 1280க்கு 512. இது 2.5:1 வடிவம்.

இந்தக் கணக்குத் தெரியாத காலத்தில் ஒரு பரிசளிப்பு விழாவுக்கு எல்லாப் படங்களையும் வழக்கம்போல 1920க்கு 1080இல் செய்துகொண்டு போனேன். சுவரின் கட்டுப்பாட்டுப் பெட்டி அதைச் சுவர் நிறைய இழுத்துவிட்டது. பிள்ளைகளின் முகமெல்லாம் 1.4 மடங்கு அகலமாகிவிட்டது. ஒரு தாய் என்னிடம் வந்து, “தங்கச்சி, எம்பிள்ளை மொகம் இப்படி இருக்காதேம்மா” என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். நிகழ்ச்சி பாதி முடிந்திருந்தது, என்னால் அப்போது எதுவும் செய்ய முடியவில்லை.

இப்போது மூன்று நாளுக்கு முன்பே சுவர்க்காரரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிடுகிறேன். எத்தனை பெட்டி? நான் அனுப்பும் படத்தை இழுத்துப் பொருத்துவீர்களா, இல்லை இடது மேல் மூலையிலிருந்து பிக்சலுக்குப் பிக்சல் எடுப்பீர்களா? இரண்டாவது வகை என்றால் 1920க்கு 1080 பரப்பில் இடது மேல் மூலையில் 1280க்கு 512 கட்டம் போட்டு, எல்லாவற்றையும் அதற்குள் அமைப்பேன். மண்டபத்தில் சுவர் எழும்பியதும் முதலில் காட்டுவது ஒரு சோதனைப் படம். நடுவில் பெரிய வட்டம், நான்கு ஓரத்திலும் நான்கு நிறத்தில் மெல்லிய கோடு, ஒரு மூலையில் “தொழிற்சங்கத்து ஞாயிறு கொண்டாட்டம்” என்று ஒரு வரி. வட்டம் வட்டமாக இருக்கிறதா, நான்கு கோடும் தெரிகிறதா, அந்த வரியில் ‘தொ’வின் ஒற்றைக்கொம்பும் ‘ழி’யின் கொக்கியும் அதனதன் எழுத்தோடு ஒட்டி நிற்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் பசியாறப் போவேன்.

தமிழ் எழுத்து கேட்கும் தனிக் கவனம்

இணையத்தில் கிடைக்கும் பயிற்சிக் காணொளிகள் எல்லாம் ஆங்கில எழுத்தை வைத்துச் செய்தவை. நம் எழுத்தில் அதே வித்தையைப் போட்டால் உடைந்துவிடும்.

முதலாவது, புள்ளி. மெல்லிய எழுத்துருவில் ‘கண்ணன்’ என்று எழுதிச் சுவரில் ஏற்றிப் பாருங்கள். ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு பிக்சல்தான் கிடைத்தால், பதினைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அது ‘கணணன’ என்றுதான் தெரியும். புள்ளிக்குக் குறைந்தது நான்கு பிக்சல் அகலம் வரும்படி எழுத்தைப் பெரிதாக்குவேன், தடிமனான வகையை எடுப்பேன். நோட்டோ சான்ஸ் தமிழில் பல தடிமன்கள் உண்டு, இலவசம், பெயர்ப்பட்டைக்கு எனக்கு அதுவே போதும். தலைப்புக்கு மட்டும் வேறு எழுத்துரு தேடுவேன்.

இரண்டாவது, வரி இடைவெளி. ‘கி’க்கு மேலே கொக்கி, ‘கூ’வுக்குக் கீழே வால். இரண்டு வரி பக்கத்தில் பக்கத்தில் வந்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் அளவைப் போல ஒன்றரை மடங்கு வரி உயரம் வையுங்கள். பெயர்ப்பட்டையின் பெட்டியை வரையும்போதே ‘கூ’வும் ‘கீ’யும் உள்ள ஒரு பெயரைப் போட்டுத்தான் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். ‘மாலா’வைப் போட்டுப் பெட்டி வரைந்தால், ‘பூங்கொடி கிருஷ்ணமூர்த்தி’ வரும்போது தலையும் காலும் வெட்டுப்படும்.

மூன்றாவது, அசைவு. எழுத்து எழுத்தாக வந்து விழும் அசைவைத் தமிழுக்குப் போடவே கூடாது. ‘கொ’ என்பது கணினிக்குள் ககரமும் ஓர் உயிர்க்குறியும். தனித்தனியாக அசைத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பறக்கும். தட்டச்சு செய்வதுபோல எழுத்துகள் வரிசையாகத் தோன்றும் அசைவிலும் முதலில் ‘க’ வந்து, பிறகு அது ‘கொ’வாக மாறி, கண்ணை உறுத்தும். முழு வரியையும் ஒன்றாக இடமிருந்து வலம் திறந்து காட்டுங்கள். அமைதியாக இருக்கும், எழுத்தும் கெடாது.

மென்பொருளும் காலை வாரும். படத்தையும் எழுத்தையும் சேர்த்துத் திரைக்கு அனுப்பும் ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசமானது, நான் தினமும் பயன்படுத்துவது. விண்டோஸில் அதன் எழுத்துக் கருவி தமிழைச் சரியாகக் கோக்கும். மேக்கிலும் லினக்ஸிலும் உள்ள ஃப்ரீடைப் கருவி எழுத்துகளைக் கோக்காமல் தனித்தனியாக வரிசையில் வைத்துவிடும், கொம்பு எல்லாம் இடம் மாறி நிற்கும். அங்கே பிரௌசர் மூலத்தைப் பயன்படுத்துங்கள். ஒரு சின்ன இணையப் பக்கமாகப் பெயர்ப்பட்டையைச் செய்து ஓபிஎஸ்ஸுக்குள் திறந்தால், கணினியின் உலாவியில் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும், பின்னணியும் ஊடுருவித் தெரியும். கோப்பிலிருந்து பெயரைப் படிக்க வைக்கிறீர்கள் என்றால், அந்தக் கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயருக்குப் பதில் கேள்விக்குறிதான் வரும்.

இன்னொரு சின்ன விஷயம். ‘மு. கணேசன்’ என்ற பெயரில் ‘மு.’ ஒரு வரியிலும் ‘கணேசன்’ அடுத்த வரியிலும் விழக் கூடாது. இடையில் சாதாரண இடைவெளிக்குப் பதில், ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எண்பலகையில் 0160 அடியுங்கள். பெயர் பிரியாது.

பட்டியல்தான் பாதி வேலை

விழாக் குழு பட்டியலை எப்படியும் கொடுக்கும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பாக வரும், யுனிகோடுக்கு மாற்றாமல் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கையால் எழுதிய தாளின் படமாக வாட்ஸ்அப்பில் வரும். பெரும்பாலும் அடையாள அட்டையில் இருக்கிறபடி ரோமன் எழுத்தில் வரும். இந்தக் கடைசி வகையில்தான் ஆபத்து. ரோமன் எழுத்தைப் பார்த்து அது லகரமா, ளகரமா, ழகரமா என்று சொல்ல முடியாது. னகரமா ணகரமா என்பதும் தெரியாது. அந்தக் காலத்தில் பதிவு செய்தவர் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருப்பார். அதை நாம் திரும்பத் தமிழாக்கும்போது ஊகம்தான் செய்கிறோம்.

நீண்ட காலம் வேலை செய்த தோட்டத் தொழிலாளர்களுக்கு ஒரு பாராட்டு நிகழ்ச்சி. நான் ஊகித்துத் தமிழாக்கிய பட்டியல். ஒரு பாட்டி மேடைக்கு வந்தார், பெயர் வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். இறங்கிய பிறகு அவருடைய பேத்தி மேடை ஓரத்துக்கு வந்தாள்.

“அக்கா, எங்க பாட்டி பேருல பெரிய ‘ள’ வரும். நீங்க சின்ன ‘ல’ போட்டுட்டீங்க.”

“மன்னிச்சிக்கம்மா. பாட்டி பார்த்தாங்களா?”

“பார்த்தாங்க. அவங்களுக்கு அவங்க பேரு மட்டும்தான் எழுதத் தெரியும், அக்கா.”

அதற்குப் பிறகு ரோமன் பட்டியலை நானே தமிழாக்குவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு குடும்பத்திடமும், பெயரைத் தமிழில் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். குரல் பதிவு உதவாது, பேச்சில் ழவும் ளவும் ஒன்றாகிவிடுகிறது. வீட்டில் தமிழ் எழுதத் தெரிந்தவர் இல்லை என்றால் பழைய கல்யாணப் பத்திரிகையைத் தேடச் சொல்வேன். அநேகமாக எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒன்று இருக்கிறது. தாத்தா பாட்டி பெயர் வரைக்கும் அதில் சரியாக அச்சாகியிருக்கும்.

பிரமுகர்களின் கௌரவப் பட்டங்களை இன்னும் கவனமாகப் பாருங்கள். டத்தோ வேறு, டத்தோ ஸ்ரீ வேறு, டான் ஸ்ரீ வேறு. அழைப்பிதழ் அச்சான பிறகு புதிதாகப் பட்டம் கிடைத்திருக்கலாம். நிகழ்ச்சிக்கு முதல்நாள் பிரமுகரின் அலுவலகத்துக்கே தொலைபேசி செய்து, எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். மலாய் விருந்தினர்கள் வரும் நிகழ்ச்சியில் தமிழ்ப் பெயருக்குக் கீழே சற்றுச் சின்ன அளவில் மலாயிலும் ஒரு வரி போடுவேன்.

எல்லாம் சேர்ந்ததும் ஒவ்வொரு பெயரையும், திரையில் தெரியப்போகிற அதே வடிவத்தில், ஒரு எண்ணோடு தாளில் அச்சடிப்பேன். தலைமையாசிரியையோ குழுச் செயலாளரோ ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துப் போடும்போதுதான் மனிதர்கள் உண்மையில் படிக்கிறார்கள்.

அந்த எண்ணை வைத்து இயக்குவது

அறிவிப்பாளர் கையிலும் என் கையிலும் அதே எண் போட்ட தாள் இருக்கும். வரிசை மாறாத பரிசளிப்பு விழாவை நான் பார்த்ததே இல்லை. ஒரு பிள்ளை கழிவறையில் இருக்கும், ஒரு பிரமுகர் அவசரமாகக் கிளம்புவார். பவர்பாயிண்ட் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதற்கு வழி உண்டு. காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே 37 என்று அடித்து எண்டர் தட்டினால் நேராக 37ஆவது பக்கம் வந்துவிடும். ஆங்கில ‘B’ விசையை அழுத்தினால் திரை கறுப்பாகும், மறுபடி அழுத்தினால் திரும்பும். பக்கத்தின் அளவைச் சுவரின் வடிவத்துக்கே மாற்றிக்கொள்ளலாம். பெரிய மென்பொருள் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். எண் போட்ட பவர்பாயிண்டும் கையெழுத்தான தாளும் இருந்தால் இருநூறு பிள்ளைகளின் பரிசளிப்பை நிம்மதியாக முடிக்கலாம்.

ஓபிஎஸ்ஸில் செய்பவர்கள் ஸ்டூடியோ மோடைத் திறந்து வையுங்கள். இடது பக்கம் அடுத்து வரப்போவது, வலது பக்கம் இப்போது திரையில் இருப்பது. இடது பக்கத்துப் பெயரை வாயால் ஒருமுறை படித்துவிட்டுத்தான் மாற்றும் பொத்தானைத் தொடுவேன். விமிக்ஸ் என்ற மென்பொருளை வாங்கியவர்களுக்கு எக்செல் அட்டவணையை நேராகப் பெயர்ப்பட்டையோடு இணைக்கும் வசதி உண்டு. கூகுள் ஷீட்டையும் இணைக்கலாம், ஆனால் தோட்டத்துக்குள் இணையம் எப்போது போகும் என்று தெரியாது. அதனால் எனக்குக் கணினிக்குள்ளேயே இருக்கும் கோப்புதான்.

பெயரை எப்போது கொண்டுவருவது? பரிசு என்றால் அறிவிப்பாளர் வாயில் பெயர் வரும் அதே நொடியில். முன்கூட்டியே வந்தால் பிள்ளை தன் பெயரைக் காதால் கேட்கும் சந்தோஷத்தைக் கெடுத்துவிடுகிறோம். பேச்சாளர் என்றால் அவர் வணக்கம் சொல்லி, கைதட்டல் அடங்கிய பிறகு. எவ்வளவு நேரம் நிறுத்துவது? மனதுக்குள் நிதானமாக இரண்டு தடவை படித்து முடிக்கும் வரை. வயதானவர்கள் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போடுவதற்கும் அதில் நேரம் இருக்கும்.

தொடங்குவதற்கு முன் மடிக்கணினியில் அறிவிப்புகளை அணைத்து, வாட்ஸ்அப்பை மூடி, விண்டோஸ் புதுப்பித்தலை நிறுத்தி, தூங்கும் அமைப்பை எடுத்துவிடுங்கள். திரையை நகலாக அல்ல, நீட்சியாக வையுங்கள்.

வாழைமரமும் பச்சை நிறமும்

கேமராப் படத்தின் மேல் பெயரை ஒட்டுவதற்கு ஏடெம் மினி போன்ற சின்ன ஸ்விட்சரை, அதாவது பல படங்களை மாற்றவும் கலக்கவும் உதவும் கருவியை, இங்கே பலர் பயன்படுத்துகிறார்கள். மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக ஊடுருவும் பின்னணி போகாது. அதனால் பின்னணியை ஒரே நிறத்தில் அனுப்பி, ஸ்விட்சரில் அந்த நிறத்தை நீக்குவோம். எல்லாரும் பச்சையைத்தான் வைப்பார்கள். நம் நிகழ்ச்சியில் பெயர்ப்பட்டையின் இரு ஓரத்திலும் வாழைமரமும், மேலே மாவிலைத் தோரணமும் வரைந்திருப்போம். பச்சையை நீக்கினால் அவையும் சேர்ந்து போய்விடும். நான் பின்னணிக்குக் சிவப்பும் நீலமும் கலந்த மஜெந்தாவை வைக்கிறேன். தாமரை வரைந்திருந்தால் நீலம். கறுப்பை நீக்கும் முறை இதைவிட எளிது, ஆனால் எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை போட்டிருந்தால் அந்தக் கரை போய்விடும். கரை இல்லாத எழுத்து வெள்ளைச் சட்டையின் மேல் விழுந்தால் படிக்க முடியாது.

இந்த முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. பேசுபவரின் முகத்தையே சுவரில் பெரிதாகக் காட்டும்போது, கேமராப் படம் மடிக்கணினிக்குள் போய் வந்தால் தாமதம் கூடிவிடும். நொடிக்கு 50 படம் என்றால் ஒரு படத்துக்கு 20 மில்லிவினாடி. ஒவ்வொரு கருவியும் ஒன்றிரண்டு படம் தாமதம் சேர்க்கும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும், ஆக 17 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஒலியே 50 மில்லிவினாடி தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறது. பின்வரிசைக்காரருக்கு இரண்டு மூன்று படத் தாமதம் தெரியாது. முன்வரிசையில் இருப்பவர் உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் என்று முகம் சுளிப்பார். கேமராவை ஸ்விட்சருக்கும் ஸ்விட்சரைச் சுவருக்கும் நேராகக் கொடுங்கள். மடிக்கணினி பெயரை மட்டும் தரட்டும்.

காற்பந்துத் திடலில்

ஸ்கோர் பலகைக்கு அலங்காரம் வேண்டாம். இரண்டு குழுவின் பெயர், இரண்டு எண், நேரம். எண்ணை மாற்ற ஒருவர், மற்றதைப் பார்க்க ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஓபிஎஸ் 28ஆம் பதிப்பிலிருந்து, வெளியிலிருந்து அதை இயக்க உதவும் வெப்சாக்கெட் இணைப்பு உள்ளேயே வருகிறது. பிட்ஃபோக்கஸ் கம்பேனியன் என்ற இலவச மென்பொருளை அதோடு இணைத்தால் கைத்தொலைபேசியே பொத்தான் பலகை ஆகிவிடும். என் அத்தை மகன் கோட்டோரம் நின்றுகொண்டு, நடுவர் கை காட்டிய பிறகு தட்டுவான். கோல் என்று கூட்டம் கத்தியதும் தட்டக் கூடாது, ஆஃப்சைடாக இருக்கலாம். ஒரு எண் ஏறி இறங்கினால் இரண்டு தோட்டத்துக்கும் சண்டை மூண்டுவிடும்.

கொடியும் மின்சாரமும்

நாட்டுப்பண்ணுக்குப் போடும் கொடிப் படத்தை இணையத்திலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். மலேசியக் கொடியான ஜாலுர் கெமிலாங்கில் 14 கோடு, நட்சத்திரத்துக்கு 14 முனை. விரலை வைத்து எண்ணுங்கள். பேராக் கொடி மேலிருந்து வெள்ளை, மஞ்சள், கறுப்பு. பின்பக்கமிருந்து புரொஜெக்டர் அடிக்கும் மேடையில் படம் இடவலமாகத் திரும்பிவிடும், கொடியில் பிறை இடது மேல் மூலையில் இருக்கிறதா என்று கூட்டம் உட்காரும் பக்கத்திலிருந்து பாருங்கள்.

மத்தியானத்துக்குமேல் இடி மழை வரும் ஊர் இது. சுவருக்கும் ஒலிபெருக்கிக்கும் போகும் மின் இணைப்பில் உங்கள் ஸ்விட்சரைச் சொருகாதீர்கள், தனி இணைப்பு கேளுங்கள். சின்ன யூபிஎஸ் ஒன்றில் ஸ்விட்சரை வைத்தால் ஜெனரேட்டருக்கு மாற்றும் இடைவெளியைத் தாண்டிவிடலாம். நீளமான சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை நம்பாதீர்கள். பதினைந்து மீட்டருக்கு மேல் என்றால் ஃபைபர் கேபிள், அதுவும் இரண்டு.

நிகழ்ச்சி முடிந்த பிறகு

சுவர்க்காரத் தம்பிகள் நன்றியுரை முடிந்ததும் கழற்ற வருவார்கள். அவர்களும் இரவோடு இரவாக ஈப்போ திரும்ப வேண்டும். இருபது நிமிடம் கேட்டு வாங்குவேன், தேத்தண்ணீருக்கு ஏற்பாடு செய்திருப்பேன். சுவரின் வெளிச்சத்தை முப்பது சதவீதத்துக்கும் கீழே இறக்கச் சொல்வேன், இல்லாவிட்டால் கைத்தொலைபேசிப் படத்தில் முகம் இருண்டு, எழுத்து வெள்ளையாகக் கரைந்துவிடும். பிறகு அச்சடித்த தாளோடு மேடைக்குக் கீழே நிற்பேன். ஒவ்வொரு குடும்பமாக வருவார்கள். “நம்பர் எவ்வளவுங்க?” என்று கேட்டு, என் தம்பிக்குக் குரல் கொடுப்பேன். அவன் அந்த எண்ணை அடித்து எண்டர் தட்டுவான். பெயர் வரும். பிள்ளையை நடுவில் நிறுத்தி, தாத்தா பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து, அவர்கள் படம் எடுத்து முடிக்கும் வரை அடுத்த எண்ணைச் சொல்ல மாட்டேன்.